1.2 சென்டிமீட்டர் விவகாரம்

சென்னை,
ஞாயிறு இரவு

அடியே வாலு,

உன் குரல் பதிவைக் கேட்டு முடித்தேன். நடுவில் குக்கர் விசில், உன் மாமியார் யாரையோ திட்டுவது, தெருவில் மீன்காரர் கூவுவது என்று எல்லாம் வந்துபோனாலும் விஷயம் புரிந்துவிட்டது. இவ்வளவு நீளமாகப் பேசி அனுப்புகிறவளுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிப் பதில் போட என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. அதனால்தான் பழையபடி கடிதம். உன் மாணவிக்குக் காட்டவேண்டியதைக் காட்டு, மிச்சத்தை மடித்து வைத்துக்கொள். எங்கள் பெரிய டாக்டர் பற்றி எழுதப்போவது அவள் காதுக்குப் போகவேண்டாம். அவளுடைய அத்தை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள் என்று நீயே சொன்னாய்.

முழங்கால் தேய்மானம் உள்ள பெண்கள் படியேறுவதை அவள் பதிவுசெய்திருக்கிறாள். மார்க்கர் தரவை ஓப்பன்சிம் மென்பொருளில் போட்டு ஐ.கே. (இன்வர்ஸ் கைனமாட்டிக்ஸ்) ஓட்டியிருக்கிறாள். மார்க்கர் பிழையின் ஆர்.எம்.எஸ். (வர்க்கச் சராசரியின் மூலம்) 1.2 சென்டிமீட்டர் வந்திருக்கிறது. ஆர்.எம்.எஸ். 2 சென்டிமீட்டருக்குள்ளும், அதிகபட்சப் பிழை 2 முதல் 4 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்கட்டும் என்று ஓப்பன்சிம் கையேட்டில் இருக்கிறது. "அப்போ பாஸ்தானே?" என்கிறாய். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பாஸா ஃபெயிலா என்று நான் சொல்லமாட்டேன். சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் முதல் ஆள் எங்கள் பெரிய டாக்டர்.

ரிப்போர்ட்டைத் திறந்ததும் அவர் கேட்பது, "எரர் எவ்ளோமா?" "ஒரு சென்டிமீட்டர் சார்." "குட், குட்." அவ்வளவுதான், அடுத்த பக்கம். மனுஷர் கைராசிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஆபரேஷன் செய்த குழந்தைகள் தாமாகவே நடந்து வந்து சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த "குட், குட்" இருக்கிறதே, அது எங்கள் நடை ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் பையனைக் கெடுத்துவிட்டது. நடையைப் படிப்பதை விட்டுவிட்டு எண்ணைக் குறைப்பதிலேயே அவன் குறியாகிவிட்டான். பெயர் எதற்கு, பையன் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல பையன்தான். டிபன் பாக்ஸில் அவன் அம்மா கட்டிக்கொடுக்கும் எலுமிச்சை சாதத்துக்காகவே எல்லாரும் அவனை மன்னித்துவிடுகிறோம்.

ஐ.கே. என்ன செய்கிறது என்பது உனக்குத் தெரியும். அவளுக்காக எழுதுகிறேன். உடம்பில் ஒட்டிய மார்க்கர் மணிகளை அகச்சிவப்புக் கேமராக்கள் பார்த்து, ஒவ்வொன்றும் அறையில் எங்கே இருக்கிறது என்று, எங்கள் அமைப்பில் நொடிக்கு 100 முறை, குறித்துக்கொள்கின்றன. கணினிக்குள் ஓர் எலும்புக்கூடு மாடல் இருக்கிறது. அதன்மேலும் அதே பெயர்களில் மணிகள். மூட்டுகளை எந்தக் கோணத்தில் மடக்கினால் மாடலின் மணிகள் உண்மையான மணிகளுக்கு மிக அருகே போய் உட்காரும் என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் தேடுவதுதான் வேலை. எல்லா மணிகளும் ஒரேயடியாகப் பொருந்தாது. மிச்சம் விழும் இடைவெளிதான் பிழை. அந்த இடைவெளிகளை வர்க்கப்படுத்தி, ஒவ்வொன்றையும் அதற்குக் கொடுத்த வெயிட்டால் பெருக்கி, கூட்டுத்தொகையை முடிந்தவரை குறைப்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த தர்மம். எலும்பு உண்மையில் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. தோல்மேல் ஒட்டியதைத்தான் அது பார்க்கிறது.

ஆக, அந்தக் கூட்டுத்தொகை ஒரு சின்னப் போர்வை. தலைக்கு இழுத்தால் கால் தெரியும். இடுப்பு மணிகளுக்கு வெயிட்டைக் கூட்டு, இடுப்பில் பிழை சுருங்கும், கணுக்காலில் வெளியே நீட்டிக்கொள்ளும். பையன் இதைக் கண்டுபிடித்த அன்று எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்தான். அடுத்து அவன் கண்டுபிடித்தது இதைவிட மோசம். பிடிவாதம் பிடிக்கிற மணியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால், மாடல் அதைத் துரத்தாது, பிழைக் கணக்கிலும் அது வராது. எண் அழகாக இறங்கும். தொடையில் ஒரு மணி, முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு மணி என்று எடுத்து எடுத்து, ஒருநாள் ஆர்.எம்.எஸ்.ஸை 0.7-க்குக் கொண்டுவந்துவிட்டான். பெரிய டாக்டரின் வாயிலிருந்து மூன்று "குட்" வந்தது.

அதற்கும் அடுத்தது, மூட்டுகளை அவிழ்த்துவிடுவது. முழங்காலுக்கு மடங்கி நீளும் ஓர் அசைவு மட்டும் கொடுத்த மாடலைவிட, எல்லாத் திசையிலும் ஆடலாம் என்று விட்ட மாடலில் பிழை குறைவாகத்தான் வரும். சுதந்திரம் கூடக்கூடப் பொருத்தம் கூடும், இது வெறும் கணிதம். ஆனால் அப்படி விட்டால் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றுக்கொன்று விலகி மிதக்கத் தொடங்கும். தோல் ஆடியதையெல்லாம் மூட்டு ஆடியதாக மாடல் எழுதிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் 1999-இல் லூ, ஓகானர் என்ற இரண்டு பேர், மூட்டுகளின் கட்டுப்பாட்டோடு உடம்பு முழுவதையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடலாம் என்று எழுதினார்கள். இன்று நாம் ஓட்டுகிற ஐ.கே.யெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் விலை, பிழை சற்றுக் கூடித் தெரிவது. அந்த விலையை மனமுவந்து கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. பையன் எதிர்க்கட்சி.

சரி, உன் 1.2-க்கு வருகிறேன். நாற்பது மணிகள் என்று வைத்துக்கொள். முப்பத்தொன்பது மணிகளில் 0.9 சென்டிமீட்டர் பிழை, ஒரே ஒரு மணியில் 5 சென்டிமீட்டர். ஆர்.எம்.எஸ். போட்டுப் பார், 1.2 வரும். எல்லா மணிகளிலும் சமமாக 1.2 இருந்தாலும் 1.2தான். முதலாவதில் ஏதோ ஒன்று இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது பெயர் மாறியிருக்கிறது. இரண்டாவது சாதாரண உடம்பு, சாதாரணத் தோல். எண் ஒன்று, கதை இரண்டு. அதனால் அவள் எந்த மணி, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அதிகப் பிழை எந்த மணியில் என்று ஓப்பன்சிம் ஓடும்போதே பெயரோடு சொல்லிக்கொண்டே போகும். யார் படிக்கிறார்கள்? வரிகள் மேலே ஓடிக்கொண்டிருக்கும், நாம் காபி குடிக்கப் போய்விடுவோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, நான் வகுப்பு எடுத்தால் முதல் நாளே கரும்பலகையில் போடுவேன். ஒரு சென்டிமீட்டர் எத்தனை டிகிரி? கீழ்க்காலில், முழங்காலுக்கு 25 சென்டிமீட்டர் கீழே ஒட்டிய மணி முன்பின்னாக 1 சென்டிமீட்டர் தள்ளிப்போனால், முழங்கால் மடக்கில் சுமார் 2 டிகிரி. பொறுத்துக்கொள்ளலாம். குழந்தையின் பாதத்தில் குதிகால் மணிக்கும் விரல் மணிக்கும் நடுவே 15 சென்டிமீட்டர்தான், அங்கே ஒரு முனை 1 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் பாதம் சுமார் 4 டிகிரி திரும்பிவிடும். தொடையின் மணியோ எலும்பின் நடு அச்சிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அது தொடையைச் சுற்றிக்கொண்டு 1 சென்டிமீட்டர் நகர்ந்தால்? பதினோரு டிகிரி! தொடை உள்பக்கம் திரும்பியிருக்கிறதா, வெளிப்பக்கமா என்று சொல்லும் கோணத்தில் 11 டிகிரி. தொடை எலும்பை அறுத்துத் திருப்பி வைக்கும் ஆபரேஷனை அந்தக் கோணத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். "ஒரு சென்டிமீட்டர்தானே சார், குட் குட்" என்பதில் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

இப்போது உனக்குப் பிடித்த மாதிரி ஒரு கதை.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார், முழங்கால் வலி. கொலுசு, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளி அகச்சிவப்பு வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கும், கேமரா அதையும் ஒரு மணி என்றே நினைத்துக்கொள்ளும். பையன் பவ்யமாகக் கேட்டான். பாட்டி நிமிர்ந்து பார்த்து, "புருஷன் குத்துக்கல்லாட்டம் வெளிய உக்காந்திருக்கையில மெட்டியக் கழட்டச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா?" என்றார். பையன் முகம் செத்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த தாத்தா எட்டிப் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்க, பாட்டி, "ஒண்ணுமில்ல, உங்க ஆயுசுக்கு வேட்டு வைக்கிறாங்க" என்றார். கடைசியில் நான் போய் மெட்டியின்மேல் துணி பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டிவிட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை வந்தது அதே நாள் மத்தியானம் வந்த பெண்ணிடம். லெக்கிங்ஸ் போட்டிருந்தாள், கொலுசு விளிம்புக்குள்ளே இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. கால் தரையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காலைத் தூக்கி வீசும்போது விளிம்பு கொஞ்சம் மேலே ஏறும், கொலுசு மினுங்கும். அந்த நேரம் பார்த்துக் கணுக்கால் மணி கேமராக்களுக்கு மறைய, மென்பொருள் கொலுசைப் பிடித்துக் கணுக்கால் என்று பெயர் வைத்துவிட்டது. ஒவ்வொரு அடியிலும் சில ஃபிரேம்கள்தான். மொத்த ஆர்.எம்.எஸ்.ஸில் அது தெரியவே இல்லை. கணுக்கால் மணியை மட்டும் தனியே எடுத்துப் பிழையை நேரத்தோடு வரைந்தபோது சட்டென்று தெரிந்தது. கிட்டத்தட்ட 0.8-இலேயே போய்க்கொண்டிருக்கும் கோடு, ஒரே ஃபிரேமில் 4-க்கு எகிறி, சில ஃபிரேம் கழித்து அதே வேகத்தில் இறங்குகிறது. நூறில் ஒரு பங்கு நொடியில் தோல் அப்படிக் குதிக்காது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வழியும் இருக்கிறது. கணுக்கால் மணிக்கும் குதிகால் மணிக்கும் உள்ள தூரத்தை ஐ.கே. ஓட்டாமலே வரைந்து பார்த்தால் போதும். அவை ரொம்ப விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது. அந்தக் கோட்டில் பல் முளைத்தால் மாடலைக் குறை சொல்லாதே, பதிவைப் போய்ப் பார்.

கோட்டின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம் என்று எங்கள் பிசியோ அக்கா சொல்வார். பல் மாதிரி எகிறினால் பெயர் குழப்பம், இல்லையென்றால் கொலுசு மாதிரி ஒரு பொய் மணி. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே உயரத்தில் தட்டையாக இருந்தால், மணி தப்பான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது மாடலின் எலும்பை அளவு குறைத்தோ கூட்டியோ தைத்திருக்கிறார்கள். விலகல் எலும்பின் நீளவாக்கிலேயே இருந்தால் அளவைத்தான் சந்தேகப்படவேண்டும். ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில் மெதுவாகப் புடைத்துத் தணிந்தால், தோலும் சதையும் ஆடுகின்றன, இல்லையேல் மாடலில் இல்லாத ஓர் அசைவு அந்த மூட்டில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் மணி உரிகிறது. நம் ஊரில் கடைசிக் காரணம்தான் அதிகம். தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற காலில் இரண்டு பக்கப் பசை டேப் என்ன செய்யும் பாவம்.

இதெல்லாம் பிழை பெரிதாகத் தெரியும் கதைகள். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது பிழையே தெரியாத கதை.

பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுவன். முழங்காலை மடித்துக்கொண்டே நிற்பான், மடித்துக்கொண்டே நடப்பான். முதலில் அசையாமல் நிற்கும் பதிவு எடுத்து, அதைக் கொண்டு மாடலைச் சிறுவனின் அளவுக்குத் தைக்கவேண்டும் இல்லையா? பையன் பெரியவர்களுக்குப் போட்டுவைத்திருந்த பழைய அமைப்பை அப்படியே எடுத்து ஓட்டிவிட்டான். அதில் நிற்கும்போது முழங்கால் 0 டிகிரி என்று பலத்த வெயிட்டோடு எழுதி வைத்திருந்தது. நேராக நிற்கிற ஆளுக்குச் சரி. இந்தக் குழந்தைக்கு? மாடல் காலை நேராக நீட்டிக்கொண்டு நின்றது. குழந்தையின் மணிகளோ மடங்கிய காலில் இருக்கின்றன. அடுத்த கட்டத்தில் ஓப்பன்சிம் என்ன செய்யும் தெரியுமா? பூட்டி வைக்காத மாடல் மணிகளையெல்லாம் நகர்த்திக் குழந்தையின் மணிகள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடும். அந்த நொடியிலிருந்து பொருத்தம் பிரமாதம். மணிகள் ஒத்துப்போகின்றன, எலும்புதான் கோணலாக நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனை நடைப் பதிவை ஓட்டினாலும், மடங்கிய அளவு ஒவ்வொரு ஃபிரேமிலும் கழிந்துகொண்டே இருக்கும். பிழையோ 1 சென்டிமீட்டருக்கும் கீழே.

ரிப்போர்ட்டில் குழந்தை கால் ஊன்றும்போது முழங்காலை அநேகமாக முழுவதும் நீட்டுகிறான் என்று வந்தது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பிசியோ அக்கா மட்டும் தன் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்தார். "நான் படுக்கவெச்சு நீட்டிப் பார்த்தேன். 15 டிகிரிக்கு மேல நீளவே இல்ல. படுத்தா நீளாத கால் நடந்தா எப்படி நீளும்?" அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பக்கவாட்டு வீடியோவைப் போட்டோம். பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது, குழந்தை மடித்துக்கொண்டுதான் நடக்கிறான். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பட் எரர் கம்மிதானே?" என்று கேட்டார் பார், அங்கேதான் நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நிற்கும் பதிவைப் பொருத்தும்போது, மணிகளை நகர்த்துவதற்கு முன்னால், அங்கேயும் ஒரு பிழை எண் வரும். எலும்பு முனைகளில் ஒட்டிய மணிகளில் அது 2 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அன்றைக்கு அது பல சென்டிமீட்டர் இருந்தது. யாரும் படிக்கவில்லை. உன் மாணவி அனுப்பிய 1.2 நடையில் வந்ததா, நிற்கும்போது வந்ததா என்று நீ சொல்லவே இல்லை பார். இரண்டையும் கேட்டு வாங்கு. என்னைக் கேட்டால் நிற்கும்போது வருவதுதான் முக்கியம்.

இதற்கெல்லாம் நடுவில் கேமரா விற்க ஒருவர் வந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்காதே, சொல்லமாட்டேன். சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்து, "மேடம், எங்க சிஸ்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ துல்லியம்" என்றார். நான் மறுக்கவில்லை. கேமராக்கள் உண்மையிலேயே அவ்வளவு துல்லியமானவைதான். மணி எங்கே இருக்கிறது என்பதை அவை ரொம்பச் சரியாகவே சொல்லும். எலும்பு எங்கே என்பதைத்தான் சொல்லாது. நடக்கும்போது தொடைச் சதை எலும்பின்மேல் வழுக்கி, மணியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர், சில சமயம் அதற்கும் மேலே இழுத்துக்கொண்டு போகும். உடம்பில் இந்த ஆட்டம் அதிகம் உள்ள இடம் தொடைதான். கேமராவை மாற்றினால் அது மாறாது.

1990-களில் சில ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிக்கத் தன்னார்வலர்களின் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் உலோக ஊசிகளைத் திருகி, அவற்றின்மேல் மணிகளை வைத்து ஓடவிட்டார்கள். தோல் மணிகளையும் பக்கத்திலேயே ஒட்டி ஒப்பிட்டார்கள். நினைத்தாலே எனக்குக் கால் கூசுகிறது, ஆனால் அந்தப் புண்ணியவான்களால்தான் நமக்கு உண்மை தெரிந்தது. முழங்கால் மடக்கி நீட்டுவதைத் தோல் மணிகள் ஓரளவு சரியாகவே சொல்கின்றன. பக்கவாட்டுச் சாய்வையும் திருகலையும் நம்ப முடியவில்லை. உன் மாணவியின் ஆய்வு படியேறுவது, மடக்கு அதிகம். தேய்மானம் உள்ள பெண்கள், தொடையில் சதையும் கொஞ்சம் அதிகம் இருக்கலாம். முழங்கால் உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பதைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதப்போகிறாள் என்றாயே, அந்த அத்தியாயத்தில்தான் எனக்கு நம்பிக்கையே இல்லை. தொடை மணிகள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் வழுக்கினால் மாடலும் சந்தோஷமாகக் கூடவே போய்விடும். பிழை ஏறாது.

அதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. முழங்காலுக்குப் பக்கவாட்டு அசைவையும் அனுமதித்த மாடலில், அந்தச் சாய்வுக் கோட்டை மடக்குக் கோட்டின்மேல் வைத்துப் பார்க்கச் சொல். மடக்கு ஏறும்போதெல்லாம் சாய்வும் கூடவே ஏறி, இறங்கும்போது இறங்கினால், அது நோயாளியின் முழங்கால் இல்லை, முழங்கால் அச்சைத் தப்பாக வைத்ததன் நிழல். ஒற்றை அசைவு மட்டும் கொடுத்த மாடலில் இது தெரியாது. அங்கே அந்தத் தப்பு மேலே ஏறி, இடுப்பு மூட்டின் திருகலில் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்த வேலைக்கெல்லாம் அலுத்துக்கொண்டால் அவளுக்கு லைப்சிக் கதையைச் சொல். 1891-இல் பிரவுனே, ஃபிஷர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், ஒரு ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கைகால்களில் மின்சாரத்தில் ஒளிரும் கண்ணாடிக் குழல்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் பல பக்கங்களிலிருந்து படமெடுத்தார்கள். மாட்டிவிடுவதற்கே பல மணி நேரம். ஷாக் அடிக்காமல் இருக்க அதற்கு வேறு ஏற்பாடு. சில அடிகள் நடந்ததைக் கையால் கணக்குப் போட்டு முடிக்க மாதக்கணக்கு. நமக்கு நொடியில் பதில் வருகிறது. மிச்சமான நேரத்தில் பிழைக் கோட்டைப் பார்க்கக்கூடாதா என்ன?

பையன் இப்போது திருந்திக்கொண்டிருக்கிறான், அதையும் சொல்லவேண்டும். பிசியோ அக்காவின் தாளைப் பார்க்காமல் மாடலைத் தைக்கமாட்டேன் என்கிறான். எடுத்த மணிகளைத் திரும்பச் சேர்த்தான். எண் 0.7-லிருந்து 1.3-க்கு ஏறியது, பெரிய டாக்டர் முகம் சுருங்கியது. பையன் துணிந்து, "சார், இதுதான் சார் நம்பலாம்" என்றான். அவனுக்கும் கண் மருத்துவப் பிரிவில் இருக்கிற ஒரு பெண்ணுக்கும் ஏதோ ஓடுகிறது என்று கேன்டீனில் பேச்சு. அது தனிக் கடிதம்.

உன் மாணவி செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஐ.கே. அமைப்பில், மாடல் மணிகளின் இடங்களையும் கோப்பாக எழுதச் சொல்லும் ஒரு விருப்பம் இருக்கிறது, அதை இயக்கச் சொல். சாதாரணமாக வரும் பிழைக் கோப்பில் மொத்தமும் ஆர்.எம்.எஸ்.ஸும் அதிகபட்சமும் மட்டும்தான் இருக்கும், மணி வாரியாக வராது. மாடலின் இடங்களைப் பதிவில் உள்ள இடங்களிலிருந்து கழித்தால் ஒவ்வொரு மணிக்கும் மூன்று திசையிலும் பிழை கிடைக்கும். ஒன்று ஜாக்கிரதை, பதிவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும், மாடல் மீட்டரில் எழுதும். மாற்றாமல் கழித்துவிட்டு, "மேடம், எரர் ஆயிரத்துக்கு மேல வருது" என்று அழுதுகொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். கோணக் கோடுகளில் எங்காவது கத்தரித்த மாதிரி தட்டையாக உச்சி வந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். மூட்டு மாடலின் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம், பக்கத்து மூட்டுகள் அதன் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும்.

நாளைக்கே அவளைக் கூப்பிட்டு உட்கார வை. எனக்கு அந்த 1.2-ஐ அனுப்பவேண்டாம். மணி வாரியான பிழைக் கோடுகள், நிற்கும் பதிவின் பிழை, ஒரு பக்கவாட்டு வீடியோ, அந்தப் பெண்களின் முழங்காலை நீங்கள் கோணமானியால் அளந்த தாள், இந்த நான்கையும் அனுப்பச் சொல். அளந்த தாள் இல்லை என்றால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்தப் பெண்களைத் திரும்ப வரவழைத்து அளக்கச் சொல். உன் துறைத் தலைவர் கத்தினால் என் பெயரைச் சொல்லிக்கொள், பரவாயில்லை.

உன்,
வாயாடி